சர்க்கரை எஸ்டர் எமல்சிஃபையர்: சுக்ரோஸ் ஸ்டியரேட் தயாரிக்க முழுமையான வழிகாட்டி

எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும் எமல்சிஃபையர்களில் சுக்ரோஸ் எஸ்டருக்குத் தனி இடம் உண்டு. ஒரு பக்கம் நாம் காபியில் போடும் அதே சர்க்கரை, மறுபக்கம் பனை எண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ இருக்கும் கொழுப்பமிலம். வாசனையும் சுவையும் கிட்டத்தட்ட இல்லை. உடலுக்குள் போனால் மீண்டும் சர்க்கரையாகவும் கொழுப்பமிலமாகவும் உடைகிறது. கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தர அமைப்பின் பட்டியலில் இது ஐஎன்எஸ் 473, ஐரோப்பாவில் ஈ 473.

சர்க்கரையையும் கொழுப்பையும் ஒட்டவைப்பது இந்த வேலையில் பாதிதான். ஒட்டாமல் மிஞ்சிய சர்க்கரை, சோப், மீத்தைல் எஸ்டர் (மெத்தனாலோடு ஒட்டிய கொழுப்பமிலம்), வினையூக்கி ஆகியவற்றைப் பிரித்தெடுப்பதே மற்ற பாதி, அதுதான் கடினமான பாதி. ரியாக்டரிலிருந்து வருவதை எமல்சிஃபையர் எனலாம். அது உணவுப்பொருள் ஆவது சுத்திகரிப்புக்குப் பிறகே. எனவே இந்த வழிகாட்டியில் சுத்திகரிப்புக்கு நிறையவே இடம் கொடுத்திருக்கிறோம்.

கீழே வருவது ஆய்வுக்கூடம் அல்லது முன்னோடி ஆலை அளவு, அதாவது 7 முதல் 10 லிட்டர் ரியாக்டருக்கானது. எரியும் கரைப்பானும் மெத்தனாலும் வெற்றிடமும் சேர்ந்த வேலை என்பதால் வீட்டுச் சமையலறையில் செய்யக் கூடாது.

நேரடியாக ஏன் ஒட்டவைக்க முடியாது

சார்பிட்டாலையும் ஸ்டியரிக் அமிலத்தையும் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வெளிவரும் தண்ணீரை விரட்டினால் சார்பிட்டன் ஸ்டியரேட் கிடைத்துவிடும். சர்க்கரையிடம் அந்த வழி செல்லாது. சுக்ரோஸ் 185 டிகிரி அருகே உருகும்போதே சிதையத் தொடங்கும். ஈரமோ காரமோ அமிலமோ கூட இருந்தால் அதற்கு வெகு முன்பே பழுப்பேறும். அதனால் கொழுப்பமிலத்தை அப்படியே கொண்டுவராமல் மீத்தைல் எஸ்டராகக் கொண்டுவருகிறோம். கார வினையூக்கி முன்னிலையில் மெத்தனால் கழன்று, அந்த இடத்தில் சர்க்கரை வந்து உட்காரும். மெத்தனால் எளிதில் ஆவியாவதால் 140 டிகிரிக்குள் வேலையை முடிக்கலாம்.

அடுத்த சிக்கல், சர்க்கரை மீத்தைல் எஸ்டரில் கரையாது. 1950களில் நியூயார்க்கின் ஃபாஸ்டர் ஸ்னெல் ஆய்வகத்தில் இரண்டையும் கரைக்கும் டைமீத்தைல் ஃபார்மமைடைப் பயன்படுத்தினார்கள். எஸ்டர் ஒரு மோலுக்கு (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு) மூன்று மோல் சர்க்கரை, 0.1 மோல் பொட்டாசியம் கார்பனேட், 90 முதல் 95 டிகிரி, குறைந்த அழுத்தம், 9 முதல் 12 மணி நேரம் என்பது அந்த முறை. வேதியியலாக அழகானது. ஆனால் அந்தக் கரைப்பான் நச்சு. உணவுக்கான எஸ்டரில் அது கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பின்னாளில் வந்த டைமீத்தைல் சல்ஃபாக்சைடு நச்சுத்தன்மை குறைந்தது என்றாலும் கொதிநிலை 189 டிகிரி. அதைக் கடைசித் துளிவரை விரட்டுவது பெரிய ஆலைகளுக்கே உரிய வேலை.

சிறிய அளவில் தொடங்குபவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது சோப் முறை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, பொட்டாசியம் சோப்பின் துணையோடு மீத்தைல் எஸ்டரை அதில் நுண்துளிகளாகப் பரப்பி, பிறகு தண்ணீரை முழுவதும் விரட்டுகிறோம். கடைசியில் சர்க்கரையும் எஸ்டரும் நெருக்கமாகக் கலந்த உருகுகூழ் மிஞ்சும். வினையின்போது நச்சுக் கரைப்பான் எதுவும் இல்லை. விலையாக, சோப்பைப் பிறகு பிரிக்க வேண்டியிருக்கும்.

எந்தத் தரம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சுக்ரோஸில் எட்டு ஹைட்ராக்சில் குழுக்கள் உள்ளன. ஒன்றில் மட்டும் கொழுப்பமிலம் ஏறினால் மோனோ எஸ்டர், இரண்டில் ஏறினால் டை எஸ்டர். எட்டு வரை போகலாம். ஆறு முதல் எட்டு வரை ஏறியதுதான் கொழுப்புக்கு மாற்றாக வந்த ஓலெஸ்ட்ரா. அது எமல்சிஃபையர் அல்ல. மோனோ கூடினால் தண்ணீரோடு ஒட்டும், டை, ட்ரை கூடினால் எண்ணெயோடு ஒட்டும். இதைத்தான் எச்எல்பி எண் சொல்கிறது. சந்தையில் உள்ள ஸ்டியரேட் தரங்களில் மோனோ 75 சதவீதம் இருந்தால் எச்எல்பி 16, 70 இருந்தால் 15, 50 இருந்தால் 9, 30 இருந்தால் 5, 20 இருந்தால் 3 என்று கணக்கு. பானம், பால் வகைகளுக்கு 15, 16. கேக், ஐஸ்கிரீம், விப் கிரீம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் நடுத்தரம். மாத்திரை மிட்டாய் அச்சில் ஒட்டாமல் இருக்கவும், எண்ணெய்க்குள் தண்ணீரைப் பிடிக்கவும் 3 முதல் 5.

கொழுப்பமிலத் தேர்வும் முக்கியம். முதல் முயற்சிக்கு ஸ்டியரிக், பால்மிட்டிக் கலவைதான் சிறந்தது. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் நல்ல நுரை தரும், ஆனால் நாக்கில் கசக்கும். மேலும் மீத்தைல் லாரேட் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் 141 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சொல்லும் வெற்றிடத்தில் அது வினைபுரிவதற்கு முன்பே குளிர்பொறியில் (ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் பாத்திரம்) போய்ச் சேர்ந்துவிடும். ஓலிக் அமிலம் நாளடைவில் சிக்கு வாடை பிடிக்கும்.

தேவையான பொருட்கள்

- சர்க்கரை 1,000 கிராம். சர்க்கரையின் நிறத்தை அளக்கும் இக்கும்சா அளவில் 45க்குள் உள்ள சுத்திகரித்த சர்க்கரையாக இருக்க வேண்டும். சாதாரண ஆலைச் சர்க்கரையில் உள்ள சாம்பலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான் பழுப்பு நிறத்துக்கு முதல் காரணம்.
- காய்ச்சி வடித்த நீர் 500 கிராம்.
- ஸ்டியரிக் அமிலம் 265 கிராம், சோப் செய்ய.
- பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அளவு கீழே.
- மீத்தைல் ஸ்டியரேட், பால்மிட்டேட் கலவை 580 கிராம். அமில எண் (ஒரு கிராமில் உள்ள தனி அமிலத்தை அணைக்கத் தேவைப்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மில்லிகிராமில்) 1க்குள், ஈரம் 0.1 சதவீதத்துக்குள்.
- நீரற்ற பொட்டாசியம் கார்பனேட் 28 கிராம்.
- சுத்திகரிப்புக்கு: எத்தில் அசிட்டேட் 10 லிட்டர், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 120 கிராம், சமையல் உப்பு, லாக்டிக் அமிலம், வடிகட்டத் துணைபுரியும் டயட்டமைட் தூள்.

பயோடீசலும் மீத்தைல் எஸ்டர்தானே, மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. அதில் கிளிசராலும் மெத்தனாலும் மிஞ்சியிருக்கும், நிறைவுறாக் கொழுப்பமிலம் அதிகம். எந்த எண்ணெயிலிருந்து வந்தது என்ற வரலாறும் இராது. காலையில் எந்த மூலப்பொருள் உள்ளே போகிறதோ, அதன் குறைதான் மாலையில் வெளியே வரும்.

கருவிகள்

எஃகு உறையுள்ள ரியாக்டர், சுவரைச் சுரண்டும் நங்கூர வகைக் கலக்கி, தனியாக ஓர் அதிவேகக் கலக்கி, 10 மில்லிபார் வரை இறங்கும் வெற்றிடப் பம்ப், இரண்டு குளிர்பொறிகள். கலக்கியின் திருகுவிசை தாராளமாக இருக்கட்டும். காந்தக் கலக்கி முதல் மணி நேரத்திலேயே நின்றுவிடும். குளிர்பொறிக்கு ஐஸ் போதாது, உலர் பனிக்கட்டி வேண்டும். மெத்தனாலுக்கு மைனஸ் 16 டிகிரியிலேயே 10 மில்லிமீட்டர் பாதரச ஆவியழுத்தம் உண்டு. ஐஸ் வைத்தால் அது நேராகப் பம்ப் எண்ணெய்க்குள் போய்விடும். எத்தில் அசிட்டேட்டின் தீப்பற்று வெப்பநிலை மைனஸ் 4 டிகிரி. அதைக் கையாளும் அறையில் மோட்டாரும் விளக்கும் தீப்பொறி வராத வகையாக இருக்க வேண்டும். பாத்திரங்களுக்கு எர்த் இணைப்பு கட்டாயம்.

படி 1: சோப்

சோப்பைத் தனியாக வாங்குவதைவிட ரியாக்டரிலேயே செய்வது நல்லது. ஸ்டியரிக் அமிலத்தின் அமில எண்ணைச் சோதித்து அறியுங்கள். வணிக ரகத்தில் அது பெரும்பாலும் 205 முதல் 210 வரை இருக்கும். 208 என்றால், 265 கிராமுக்கு 55.1 கிராம் தூய பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கடையில் கிடைக்கும் செதில் 85 சதவீதமே தூய்மை என்பதால் 65 கிராம் எடுக்க வேண்டும். இந்தத் திருத்தத்தை மறப்பவர்கள் பலர். காரம் குறைந்தால் மிஞ்சிய ஸ்டியரிக் அமிலம் பின்னால் சேர்க்கும் வினையூக்கியைத் தின்றுவிடும். கூடினால் அது எஸ்டரைச் சோப்பாக்கிவிடும்.

500 கிராம் நீரை 80 டிகிரிக்குச் சூடாக்கி, ஹைட்ராக்சைடைக் கரைத்து, உருக்கிய ஸ்டியரிக் அமிலத்தை மெல்லிய தாரையாக விடுங்கள். அரை மணி நேரம் கலக்கிய பிறகு ஒரு துளியை எத்தனாலில் கரைத்து, காரத்தை நிறத்தால் காட்டும் ஃபினால்ஃப்தலீன் விடுங்கள். வெளிர் இளஞ்சிவப்பு தெரிந்தால் சரி. அடர்ந்த நிறம் வந்தால் ஸ்டியரிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துத் திருத்துங்கள்.

படி 2: பால்மம்

சோப் கரைசலில் சர்க்கரையைக் கொட்டி 80 முதல் 85 டிகிரியில் முழுவதும் கரையுங்கள். அடியில் ஒரு மணிகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சும் படிகங்கள் கடைசிவரை வினைபுரியாமலே கிடக்கும். பிறகு மீத்தைல் எஸ்டரில் 80 கிராமைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதி 500 கிராமை 60 டிகிரியில் உருக்கி, அதிவேகக் கலக்கி ஓடும்போது 15 நிமிடத்தில் விட்டு முடியுங்கள். பால் போன்ற, எண்ணெய்ப் படலம் மிதக்காத பால்மம் கிடைக்க வேண்டும். அதிவேகக் கலக்கியை நிறுத்தி ஐந்து நிமிடம் பாருங்கள். மேலே எண்ணெய் கண் திறந்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: தண்ணீரை விரட்டுதல்

முழுத் தயாரிப்பின் தலையெழுத்தும் இங்கேதான் எழுதப்படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கலவை ஏறக்குறைய 1,900 கிராம். அதில் 0.5 சதவீத ஈரம் தங்கினால் 9.5 கிராம் தண்ணீர், அதாவது அரை மோலுக்கும் மேல். நம்மிடம் உள்ள மீத்தைல் எஸ்டரோ இரண்டு மோல்தான். அந்தத் தண்ணீர் முழுவதும் வினைபுரிந்தால் எஸ்டரில் கால்பங்கு கொழுப்பமிலமாகிவிடும். அந்த அமிலம் 0.2 மோல் கார்பனேட்டையும் சேர்த்துச் செயலிழக்கச் செய்யும். வினை பாதியில் நின்றுபோகும் சம்பவங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

80 டிகிரியில் 400 மில்லிபாரில் தொடங்கி, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் 110 டிகிரிக்கும் 20 மில்லிபாருக்கும் வந்து சேருங்கள். அவசரப்பட்டால் நுரை பொங்கி ஆவிக்குழாயில் ஏறும். அதனால் ரியாக்டரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை ஏறும்போது வெப்பத்தைக் குறைத்துப் பயனில்லை, அது தாமதமாகத்தான் வேலை செய்யும். காற்று வால்வை ஒரு நொடி திறந்து மூடுங்கள், உடனே அமரும். நுரையடக்கி சேர்க்க வேண்டாம், கடைசிப் பொருளில் அது தங்கிவிடும்.

நீர் குறையக் குறைய நிறை இறுகி அல்வாப் பதத்துக்கு வரும். அதிவேகக் கலக்கியை அதற்கு முன்பே வெளியே எடுத்துவிட்டு நங்கூரக் கலக்கியில் ஓட்டுங்கள். 110 டிகிரி, 20 மில்லிபாரில் மேலும் 45 நிமிடம் பிடித்து, கார்ல் ஃபிஷர் முறையில் ஈரம் பாருங்கள். 0.2 சதவீதத்துக்குள் வந்தால் மேலே செல்லலாம். இப்போது குளிர்பொறியை மாற்றுங்கள். முதல் பொறியில் இருப்பது தண்ணீர், இனி வரப்போவது மெத்தனால். இரண்டையும் கலந்துவிட்டால் வினை எவ்வளவு நடந்தது என்று அறியும் எளிய வழியை இழப்பீர்கள்.

படி 4: வினை

பொட்டாசியம் கார்பனேட்டை 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, நுண்ணிய தூளாக அரைத்து, தனியே வைத்த 80 கிராம் மீத்தைல் எஸ்டரில் குழைத்து வைத்திருக்க வேண்டும். உலர்ந்த தூளை நேராகக் கொட்டினால் கட்டிதட்டும், கட்டியைச் சுற்றி மட்டும் சர்க்கரை கருகும். இந்தக் குழைவை 110 டிகிரியில் சேர்த்து, அரை மணி நேரத்தில் 125க்கும், பிறகு 135 முதல் 140க்கும் ஏற்றுங்கள். அழுத்தம் முதலில் 50 மில்லிபார், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 20.

முதல் 20, 30 நிமிடம் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். மோனோ எஸ்டர் கொஞ்சம் பிறந்தபின் அதுவே சர்க்கரையையும் எஸ்டரையும் மேலும் நெருக்கமாக்கும், வினை வேகம் பிடிக்கும். மங்கலாக இருந்த கூழ் மெல்ல ஒளி ஊடுருவும் தோற்றத்துக்கு மாறுவதைப் பார்வைக் கண்ணாடி வழியாகக் காணலாம். முந்தைய தொகுதியின் சுத்திகரிக்காத எஸ்டரை 50 முதல் 100 கிராம் வரை படி 2இல் சேர்த்தால் இந்தத் தயக்கம் பெருமளவு போய்விடும். கைவசம் இருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

மொத்தம் வெளிவரக் கூடிய மெத்தனால் 65 கிராம் அளவு. பொறியில் 55 முதல் 58 கிராம் சேர்ந்தால் 85 முதல் 90 சதவீதம் மாறிவிட்டது. இதற்கு 3 முதல் 5 மணி நேரம் ஆகும். பொறியில் இருப்பது மெத்தனால்தானா, கூடவே மீத்தைல் எஸ்டரும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பிசுக்கு தெரிந்தால் வெற்றிடம் அளவுக்கு மீறிவிட்டது.

எடையோடு நிற்காமல் மெல்லடுக்கு குரோமட்டோகிராஃபியும் செய்யுங்கள். சிலிக்கா தகடு, ஓடுதிரவமாக டொலுவீன், எத்தில் அசிட்டேட், 95 சதவீத எத்தனால் 2:1:1 என்ற அளவில். எத்தனாலில் 10 சதவீதக் கந்தக அமிலம் தெளித்து 110 டிகிரியில் சூடாக்கினால் புள்ளிகள் தெரியும். தொடங்கிய இடத்திலேயே நிற்பது சர்க்கரை, அதற்கு மேலே மோனோ, இன்னும் மேலே டை, ட்ரை. உச்சியில் மீத்தைல் எஸ்டரும் கொழுப்பமிலமும். மோனோ புள்ளி வளர்வது நின்று டை புள்ளி மட்டும் தடித்துக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள். மிச்சம் பத்து சதவீதத்தையும் மாற்றிவிடலாம் என்று 150 டிகிரிக்கு ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். கிடைப்பது நிறமும் கருகல் வாடையும்தான்.

வெற்றிடத்தை நைட்ரஜனால் நிரப்பி உடைத்து, சூடாக இருக்கும்போதே எஃகுத் தட்டில் மெல்லிய படலமாகக் கொட்டுங்கள். ஆறியதும் நொறுங்கும் கட்டியாகும். நிறம் தந்தம் முதல் வெளிர் பழுப்பு வரை இருக்கலாம்.

படி 5: சுத்திகரிப்பு

இப்போது கையில் இருக்கும் ஏறத்தாழ 1,850 கிராமில் சுக்ரோஸ் எஸ்டர்கள் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. வினைபுரியாத சர்க்கரை 550 கிராமுக்கு மேல், சோப் 300 கிராம், மீத்தைல் எஸ்டர் 70 கிராம், மீதி கார்பனேட். இதைத்தான் 80 சதவீதத்துக்கு மேல் எஸ்டர் உள்ள பொருளாக மாற்றப் போகிறோம்.

கட்டியைப் பொடித்து 7 லிட்டர் எத்தில் அசிட்டேட்டில், மேலே குளிர்விப்பான் பொருத்திய பாத்திரத்தில், 65 முதல் 70 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். 120 கிராம் கால்சியம் குளோரைடை 250 கிராம் நீரில் கரைத்து, 20 நிமிடத்தில் விடுங்கள். கால்சியம் இங்கே இரண்டு வேலை செய்கிறது. பொட்டாசியம் சோப்பைக் கரையாத கால்சியம் ஸ்டியரேட் ஆக்குகிறது, கார்பனேட்டைக் கால்சியம் கார்பனேட்டாகப் படிய வைத்துக் காரத்தையும் அணைக்கிறது. அந்த 250 கிராம் நீரில் சர்க்கரை கரைந்து பாகாக அடியில் இறங்கும். நீரைக் கூட்டினால் பாகு நீர்த்துப்போய் எஸ்டரையும் இழுத்துக்கொண்டு போகும். எனவே அளவைத் தாண்ட வேண்டாம்.

நீர்ப் பகுதியின் பிஎச்சைப் பார்த்து, லாக்டிக் அமிலத்தால் 6.5க்கும் 7.5க்கும் இடையில் கொண்டுவாருங்கள். காரம் மிஞ்சினால் எத்தில் அசிட்டேட்டே உடையும், நம் எஸ்டரும் உடையும். 5க்குக் கீழே போனால் சர்க்கரையே குளுக்கோஸ், ஃப்ரக்டோஸாகப் பிளந்து பின்னால் நிறம் ஏறும். சிட்ரிக் அமிலம் வேண்டாம், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பாகை வடித்துவிட்டு, மேல் அடுக்கில் 1 முதல் 2 சதவீதம் டயட்டமைட் சேர்த்து, 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாகவே வடிகட்டுங்கள். வடிகட்டி குளிர்ந்தால் எஸ்டரே உறைந்து துணியை அடைக்கும். கால்சியம் சோப் பிசுபிசுப்பாக வந்தால் கால்சியம் போதவில்லை என்று பொருள். நன்றாகப் படிந்தால் அது தயிர்போல் திரிந்து எளிதில் வடியும்.

வடிநீரை 5 சதவீத உப்புக் கரைசலால், ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் வீதம், 60 முதல் 65 டிகிரியில் இரண்டு முறை கழுவுங்கள். வெறும் தண்ணீரால் கழுவக் கூடாது. நாம் கழுவுவது எமல்சிஃபையரையே என்பதால் வெறும் தண்ணீர் பட்ட நொடியில் பிரியாத பால்மமாகிவிடும். உப்பு அதைத் தடுக்கிறது. கலக்கியும் நிமிடத்துக்கு 60 சுற்றுக்கு மேல் வேண்டாம். தப்பித் தவறிப் பால்மமாகிவிட்டால் உப்பைக் கூட்டி, 65 டிகிரியில் கலக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

அடுத்து, கரைசலை மெதுவாகக் கலக்கியபடி 10 டிகிரிக்குக் குளிர்வித்து ஆறு மணி நேரம் வைக்க வேண்டும். மோனோ எஸ்டர் குளிர்ந்த எத்தில் அசிட்டேட்டில் அதிகம் கரையாது, படியும். மீத்தைல் எஸ்டர், கொழுப்பமிலம், ட்ரைக்கு மேற்பட்ட எஸ்டர்கள் கரைசலிலேயே நிற்கும். வடிகட்டி, குளிர்ந்த எத்தில் அசிட்டேட்டால் ஒருமுறை அலசுங்கள். வடிந்து வந்த தாய்க் கரைசலைக் கொட்டிவிடாதீர்கள். கரைப்பானை மீட்டால் அடியில் எச்எல்பி குறைந்த பகுதி கிடைக்கும். அதிலுள்ள மீத்தைல் எஸ்டரை மூலக்கூறு வடிப்பான் (உயர் வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கும் கருவி) மூலம் நீக்க வசதி இருந்தால் அதுவும் விற்பனைப் பொருளாகும்.

படி 6: உலர்த்தலும் அரைத்தலும்

ஈரக் கட்டியை ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் தட்டில் பரப்பி, 45 முதல் 50 டிகிரியில், 20 மில்லிபாருக்குக் கீழே, 12 மணி நேரம் உலர்த்துங்கள். 55ஐத் தாண்டினால் மேல்பரப்பு உருகிப் படலமாகி, உள்ளே உள்ள கரைப்பானைப் பூட்டிவிடும். வெளியே காய்ந்தாற்போல் தெரியும், சோதனையில் எத்தில் அசிட்டேட் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் காட்டும். நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். அரைக்கும்போது ஆலையின் சூட்டிலேயே உருகி ஒட்டும் என்பதால் பொருளையும் ஆலையையும் குளிர்வித்து, சிறிது சிறிதாக அரைக்க வேண்டும். ஈரம் இழுக்கும் பொருள். அலுமினியப் படலம் உள்ள பையில் உடனே அடையுங்கள்.

சோதனைகள்

கோடெக்ஸுக்கு ஆலோசனை சொல்லும் ஜெக்ஃபா குழுவின் தர அளவுகள் இவை: சுக்ரோஸ் எஸ்டர் மொத்தம் 80 சதவீதத்துக்குக் குறையாமல், தனிச் சர்க்கரை 5 சதவீதத்துக்குள், அமில எண் 6க்குள், சல்ஃபேட் சாம்பல் 2 சதவீதத்துக்குள், காரீயம் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்குள், மெத்தனால் 10 மில்லிகிராமுக்குள், எத்தில் அசிட்டேட் 350 மில்லிகிராமுக்குள். மோனோ, டை விகிதத்தை டெட்ராஹைட்ரோஃபுரான் ஓடும் ஜெல் குரோமட்டோகிராஃபியில் அளக்கிறார்கள். கரைப்பான் எச்சங்களுக்கு வாயு குரோமட்டோகிராஃபி. அமில எண்ணையும் சாம்பலையும் மட்டுமாவது தொகுதிதோறும் உங்கள் கூடத்திலேயே பாருங்கள். மற்றவற்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுக்கலாம். இவை அத்தனையும் தேறும்வரை அந்தப் பொருளை யாரும் சுவைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. இந்தியாவில் விற்பதானால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் வேண்டும். எந்த உணவில் எவ்வளவு சேர்க்கலாம் என்பதையும் அதன் சேர்க்கைப்பொருள் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாளொன்றுக்கு ஏற்கத்தக்க அளவாக ஜெக்ஃபா உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வரை என்றும், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 40 மில்லிகிராம் என்றும் வகுத்துள்ளன. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் கணக்கில் அது 1.8 கிராம்.

எங்கே தவறும், ஏன்

நிறம் கறுத்தால் முதலில் சர்க்கரையைச் சந்தேகியுங்கள். அடுத்து ரியாக்டர் சுவர். உறையில் ஓடும் எண்ணெய் உள்ளிருக்கும் கூழைவிட 15 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் சுவரில் படிந்தது கருகும். கலக்கியின் சுரண்டும் பட்டை தேய்ந்திருந்தாலும் அதே கதைதான்.

மெத்தனால் 30 கிராமோடு நின்றுவிட்டால் வினையூக்கி செத்துவிட்டது. ஒரு மாதிரியை எடுத்து அமில எண்ணும் சோப்பும் பாருங்கள். சோப் கூடியிருந்தால் ஈரம்தான் காரணம். இன்னும் 10 கிராம் கார்பனேட் சேர்த்தால் ஓரளவு மீளும், ஆனால் அந்தத் தொகுதிக்குக் கால்சியம் குளோரைடையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

கடைசிப் பொருளைச் சூடான நீரில் கலக்கினால் மேலே எண்ணெய் வளையம் மிதக்கிறதா? மீத்தைல் எஸ்டர் மிஞ்சியிருக்கிறது, குளிர்விப்பும் அலசலும் போதவில்லை. அடியில் வெள்ளை மண்டி நிற்கிறதா? கால்சியம் சோப் வடிகட்டியைத் தாண்டி வந்திருக்கிறது. சோதனைகள் தேறிய பிறகும் சோப் சுவை அடித்தால் கால்சியம் குளோரைடு குறைந்துவிட்டது. சாம்பல் 2 சதவீதத்தைத் தாண்டினால் கழுவிய உப்புநீரைச் சரியாக வடிக்கவில்லை.

மெத்தனாலே இல்லாத வழி

மீத்தைல் எஸ்டருக்குப் பதில் கெட்டியாக்கிய தாவர எண்ணெயையே நேராகப் போட்டாலும் இந்த வினை நடக்கும். மெத்தனால் வராது. மாறாக மோனோ, டை கிளிசரைடுகள் சர்க்கரை எஸ்டரோடு கலந்து கிடைக்கும். சட்டப்படி அது வேறு பொருள், சுக்ரோகிளிசரைடு, ஐஎன்எஸ் 474. மூலப்பொருள் மலிவு. எச்எல்பி உயராது, 15, 16 எட்டாது. பேக்கரிக்கு மட்டும் விற்க நினைப்பவர்கள் இதையே முதலில் முயலலாம்.

பயன்படுத்தும் முறை

உயர் எச்எல்பி ஸ்டியரேட்டை நேராகச் சூடான நீரில் போட்டால் மேலே கட்டியாகி உள்ளே உலர்ந்தே கிடக்கும். குளிர்ந்த நீரில், அல்லது செய்முறையில் உள்ள சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து நீரில் தூவிப் பரப்பி, பிறகு கலக்கியபடி 70 முதல் 75 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கரைசல் தெளிந்து, லேசான நீலச்சாயல் காட்டும். அதன்பிறகே எண்ணெயைச் சேர்க்க வேண்டும். குறைந்த எச்எல்பி தரங்களை எண்ணெயில் உருக்கிச் சேருங்கள்.

பிஎச் 4க்குக் கீழே உள்ள பழபானங்களில் இந்த எஸ்டர் நாளடைவில் உடையும், சூடாக்கினால் இன்னும் வேகமாக. அங்கே வேறு எமல்சிஃபையரைத் தேடுவதே நல்லது. பாலும் காபியும் போன்ற நடுநிலைப் பானங்களில்தான் இது தன் முழுத் திறமையையும் காட்டும். ஜப்பானில் சூடாகவே விற்கும் டப்பா காபியில் சுக்ரோஸ் பால்மிட்டேட் சேர்ப்பது பாலாடை மிதக்காமல் இருக்க மட்டுமல்ல. விற்பனை இயந்திரத்தின் 55 டிகிரி சூட்டில் முளைக்கக் கூடிய, வெப்பம் தாங்கும் பாக்டீரிய வித்துகளையும் அது முளைக்க விடாமல் அடக்குகிறது. அந்த வேலைக்கு மோனோ எஸ்டர் மிகுந்த தரம் வேண்டும். டை எஸ்டர் கூடினால் பலன் குறையும்.